கீழ வைங்க சம்பந்தி

‘ப்ளக்’ என்றது. அவ்வளவுதான். ஒரு புளியங்கொட்டை விழுந்திருந்தால்கூட இன்னும் கொஞ்சம் மரியாதையாகச் சத்தம் கேட்டிருக்கும். மஞ்சுளாவின் கை நீட்டியது நீட்டியபடியே இருந்தது. எதிர்ப் படகில் உட்கார்ந்திருந்த குப்பம்மாளின் கையோ தன் மார்போடு போய் ஒட்டிக்கொண்டிருந்தது. இரண்டு மிதிபடகுகளுக்கும் நடுவில் ஒரு முழம் தண்ணீர், அடி தெரியாத பச்சைத் தண்ணீர். அதில் ஒரு வட்டம் விரிந்து, இந்தப் படகின் விலாவிலும் அந்தப் படகின் விலாவிலும் முட்டி, ஒன்றுமே நடக்காததுபோல் அடங்கிப்போனது.

“நான்தான் கீழ வைங்கன்னு சொன்னேனே சம்பந்தி” என்றாள் குப்பம்மாள்.

கேட்டீர்களா நியாயத்தை? கீழே வைக்க வேண்டுமாம். நடு ஏரியில் ஒருத்தி ஒரு படகிலும் இன்னொருத்தி இன்னொரு படகிலும் உட்கார்ந்துகொண்டு, கத்தியைக் கீழே வைக்க வேண்டுமாம். எங்கே வைப்பது? ஏரி மேலா?

மஞ்சுளாவுக்குக் கலசப்பாக்கம் பக்கத்தில் ஒரு ஊர். ஜவ்வாது மலைக்குக் கிழக்கே. அவளுடைய ஒரே பெண் ஆனந்தியைக் கட்டிக்கொடுத்தது மலைக்கு மேற்கே, திருப்பத்தூரில். மாப்பிள்ளை ரஞ்சித்குமாருக்கு பைக் ஷோரூமில் வேலை. கல்யாணமாகி ஒரு வருஷம் ஓடிவிட்டது, ரெண்டு குடும்பமும் பந்திக்கு வெளியே ஒரு நாள்கூட ஒன்றாக உட்கார்ந்ததில்லை என்று சொல்லி, ‘அவங்க அந்தப் பக்கமா ஏறட்டும், நாம இந்தப் பக்கமா ஏறுவோம், நடுவுல மலை மேல ஏரியில பாத்துக்கலாம்’ என்று யோசனை சொன்னது அவன்தான். அதன்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை மஞ்சுளாவும் அவள் புருஷன் தங்கவேலும் புளிச்சோற்றைக் கட்டிக்கொண்டு பஸ்ஸில் ஏறி வந்தார்கள். ரஞ்சித்குமார், ஆனந்தி, அவன் அம்மா மூன்று பேரும் காரில் வந்தார்கள். ரஞ்சித்குமாரின் அம்மாதான் குப்பம்மாள். வந்து இறங்கியதும் மஞ்சுளாவின் கன்னத்தைத் தடவி, “இன்னா சம்பந்தி, இப்பிடி எளச்சிப் போய்ட்டீங்க” என்று கண் கலங்கிய பொம்பளைதான். கெட்டவள் என்று சொல்லிவிட முடியாது. புருஷன் போனபிறகு இட்லிக்கடை போட்டு ஒற்றைப் பிள்ளையை ஆளாக்கியவள். ஆனால் பல்லி கத்தினால் உட்கார்ந்துவிடுவாள். பூனை குறுக்கே போனால் கார் திரும்ப வேண்டும். வரும் வழியிலேயே அப்படி ஒரு தடவை திரும்பித்தான் வந்தார்களாம்.

படகுத்துறையில் பெரிய படகெல்லாம் ஏற்கெனவே தண்ணீரில் போய்விட்டது. ரெண்டு பேர் உட்கார்ந்து மிதிக்கிற படகுதான் இருந்தது. தங்கவேலுக்குத் தண்ணீர் என்றால் தொட்டித் தண்ணீரும் பயம். “நான் பையப் பாத்துக்கறேன்” என்று கரையில் மரத்தடியில் துண்டை விரித்துவிட்டான். அம்மாவும் பிள்ளையும் வாத்துத் தலை வைத்த படகில் ஏறினார்கள், இங்கே அம்மாவும் பெண்ணும். ஆரஞ்சு நிற மிதவைச் சட்டைகளைப் போட்டுக்கொண்டு, புடவையைத் தூக்கிச் செருகி, மஞ்சுளா மிதித்த மிதிக்குப் படகு அம்பாகப் போனது. வயலில் நடக்கிற காலுக்கு இதெல்லாம் ஒரு வேலையா? ரொம்ப நாளைக்குப் பிறகு பெண் பக்கத்தில் தோளோடு தோள் உட்கார்ந்திருக்கிறாள், குளிர்ந்த காற்று அடிக்கிறது, சுற்றிலும் மலை. மனசு நிறைந்துதான் இருந்தது, அந்தக் கொய்யாப்பழம் வெளியே வரும்வரை.

கொய்யா குப்பம்மாள் வழியில் வாங்கி வந்தது. அவளுக்குக் கடைவாய்ப் பல் ரெண்டு பக்கமும் போய்விட்டதால் கடித்துத் தின்ன முடியாது, நறுக்கித்தான் தின்ன வேண்டும். கரைக்குப் போகிறவரை பொறுக்கவும் முடியாது. “சம்பந்தி, உங்க இடுப்புல எப்பவும் ஒரு கத்தி இருக்குமே, அதக் கொஞ்சம் குடுங்க” என்று இந்தப் படகைப் பார்த்துக் குரல் கொடுத்தாள்.

அந்தக் கத்தியைப் பற்றிச் சொல்லாவிட்டால் மஞ்சுளாவின் ஆத்திரம் யாருக்கும் விளங்காது. தங்கக் கத்தி ஒன்றும் இல்லை. சாதாரண மடக்குக் கத்தி. மரப்பிடி, ரெண்டு பித்தளை ஆணி, விரல் நீளத்துக்கு அலகு. பம்புசெட்டு மூடியை நெம்பப் போய் நுனி ஒருதரம் கொஞ்சம் ஒடிந்தது. கல்யாணமான புதிதில் ஆடிக் கிருத்திகைக்குப் போன இடத்தில், மாமியார் வளையல் கடையில் நிற்க, புருஷன் மொட்டைக்கு உட்கார்ந்திருக்க, அவள் பாட்டுக்கு நடந்துபோய் வாங்கியது. யாரையும் ஒரு வார்த்தை கேட்காமல் அவள் வாழ்நாளில் வாங்கிய முதல் பொருள். ‘பொம்பள பொட்டு வாங்குவா, ரிப்பன் வாங்குவா, கத்தி வாங்குவாளா’ என்று வீடே சிரித்தது. சிரித்தவர்கள்தான் பிறகு கோணிச் சணலை அறுக்கவும் உரப் பையைப் பிரிக்கவும் அதைத் தேடி வந்தார்கள். அதை அவள் யார் கையிலும் கொடுத்ததில்லை. “எத அறுக்கணும், இங்க கொண்டா” என்பாள், அறுத்துக் கொடுப்பாள், மடக்கி இடுப்பில் செருகிக்கொள்வாள். தங்கவேலுக்கும் அதே சட்டம்தான். நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து அவளே பயிர் வைக்க ஆரம்பித்தபிறகு, நெல் மூட்டையின் தையலை அவள் ஒரே இழுப்பில் பிரித்துக் காட்டுகிற தோரணைக்கே வியாபாரிகள் ‘கத்திக்கார அம்மா’ என்று பேர் வைத்திருந்தார்கள்.

இன்னொன்றும் உண்டு. ஆனந்திக்குப் பல் முளைக்கும்போது வீல் வீலென்று ஓயாத அழுகை. கிலுகிலுப்பையைக் கொடுத்தால் விட்டெறிந்தாள். கேழ்வரகு ரொட்டியைத் துப்பினாள். மடக்கின கத்தியின் பிடியைக் கொடுத்தபோதுதான் அழுகை நின்றது. பச்சைப் பிள்ளை வாயில் கத்தியைக் கொடுத்த மகராசி என்று தெருவே பேசியது. பேசினால் பேசட்டும். பிடியின் ஓரத்தில் அரிசி அரிசியாக அந்தப் பல் தடம் இன்றைக்கும் இருக்கிறது. இடுப்பிலிருந்து கத்தியை எடுக்கும்போதெல்லாம் மஞ்சுளாவின் கட்டைவிரல் தானாக அந்தப் பள்ளத்தில் போய் உட்காரும். இருக்கிறது என்றா சொன்னேன்? இருந்தது.

“கரைக்குப் போயி நானே நறுக்கித் தர்றேன் சம்பந்தி” என்றுதான் மஞ்சுளா முதலில் சொன்னாள்.

“இன்னாங்க இது, ஒரு கத்தி குடுக்க இம்மாம் யோசன பண்றீங்க?” என்று குப்பம்மாள் சிரித்தாள். சிரிப்புதான், ஆனால் உள்ளே ஒரு முள் இருந்தது. ஆனந்தி முழங்கையால் அம்மாவை இடித்தாள். “குடும்மா.”

பெண்ணைக் கொடுத்தாயிற்று, கத்தியைக் கொடுப்பதற்கு என்ன? மஞ்சுளா மடக்கின கத்தியை எடுத்தாள். ஆனந்தி எதிர்ப் படகின் விளிம்பை எட்டிப் பிடித்து இழுத்து வைத்துக்கொண்டாள். கத்தி, உப்பு, மிளகாய், எண்ணெய் இதையெல்லாம் கைக்குக் கை கொடுக்கக் கூடாது, கொடுத்தால் கொடுத்தவர்களுக்கும் வாங்கினவர்களுக்கும் சண்டை வரும். இது மஞ்சுளாவுக்குத் தெரியாததா? அவள் வீட்டிலும் தரையில் வைத்து, மற்றவர்தான் எடுத்துக்கொள்வது. ஒரு கணம் யோசிக்கவும் செய்தாள். ஆனால் நடுவில் தண்ணீர். போதாததற்கு மடக்கின கத்தி. மடக்கினால் அது கத்தியா, வெறும் கட்டைதானே? நீட்டினாள். குப்பம்மாளும் நீட்டினாள். அவளுடைய விரல் கத்தியின் மேல் பட்டது. பட்டது என்று மஞ்சுளா எந்தச் சாமி முன்னாலும் சூடம் ஏற்றி அணைப்பாள். பட்டதால்தான் பிடியை விட்டாள். விட்ட அந்த நொடியில் குப்பம்மாளுக்குச் சாஸ்திரம் ஞாபகம் வந்தது. நெருப்பைத் தொட்டவள் மாதிரி கையை இழுத்துக்கொண்டாள். ‘ப்ளக்.’ அதற்கு அப்புறம்தான், கவனியுங்கள், அதற்கு அப்புறம்தான் ‘கீழ வைங்க’ என்ற வார்த்தையே அவள் வாயிலிருந்து வந்தது.

“நீங்க கைய இஸ்துகினீங்க சம்பந்தி” என்றாள் மஞ்சுளா.

“நான் எங்க இஸ்தேன்? நான் வாங்கவே இல்லியே. கத்தியப் போயி யாருனா கையில வாங்குவாங்களா?” குப்பம்மாள் மகனைப் பார்த்தாள், மலையைப் பார்த்தாள், மறுபடியும் மஞ்சுளாவைப் பார்த்தாள். “பாத்தீங்களா, கைக்குக் கை குடுத்தா சண்ட வரும்னு பெரியவங்க சொம்மாவா சொன்னாங்க? இதோ, வந்துடுச்சு பாருங்க.”

இதற்கு என்ன பதில் சொல்வது? பேசினால் சண்டை, சாஸ்திரம் பலித்துவிட்டது. பேசாவிட்டால் தப்பு தன்னுடையது என்று ஒத்துக்கொண்டதாகிவிட்டது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவர்களை மஞ்சுளா நெல் மண்டியில் நிறையப் பார்த்திருக்கிறாள். அங்கேயெல்லாம் அவள் வாய் பேசும். இங்கே பெண்ணைக் கொடுத்த இடம். பக்கத்தில் திரும்பி, “நீ சொல்லுடி, இங்கதான குந்திகினு இருந்தே” என்றாள்.

ஆனந்தி இன்னும் எதிர்ப் படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை. “எனுக்குத் தெர்லம்மா. நான் படகப் புடிச்சிகினு இருந்தேன்.”

“மாப்ள, நீங்க?”

ரஞ்சித்குமார் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தான். “இருங்க அத்த, இதுல இருக்கும்” என்று நம்பிக்கையோடு தடவித் தேடிப் போட்டுக் காட்டினான். வீடியோ முழுக்க அவன் பல்தான் இருந்தது. பின்னால் வாத்தின் தலையில் கொஞ்சம், மேகத்தில் கொஞ்சம். ‘சூப்பரா இருக்கு மக்களே’ என்று அவன் போட்ட கூச்சலில் ப்ளக்கென்ற சத்தம்கூட அதில் இல்லை. கத்திக்கு இருந்த ஒரே சாட்சியும் போனது.

“வுடுங்க சம்பந்தி. இப்பத்தான் தெரியுது, ஆனந்தி யார மாதிரின்னு” என்று குப்பம்மாள் சிரித்துக்கொண்டே கொய்யாவைப் பைக்குள் போட்டாள். சமாதானமாகத்தான் சொன்னாள். ஆனால் மஞ்சுளாவுக்குச் சுருக்கென்றது. ஆனந்தியின் கையில் ஒன்றும் நிற்பதில்லை என்பது ஒரு வருஷமாகப் போனில் வரும் செய்தி. எண்ணெய் பாட்டிலைப் போட்டு உடைத்துவிட்டாள், ஊறுகாய் ஜாடியைக் கீழே விட்டுவிட்டாள், விளக்கேற்றும் நேரத்தில் நல்லெண்ணெய்க் கிண்ணத்தைக் கொட்டிவிட்டாள். ஒவ்வொரு தடவையும் குப்பம்மாள் குறை சொல்லாமல் குறை சொல்வாள். ஒவ்வொரு தடவையும் மஞ்சுளா பெண்ணைக் கூப்பிட்டு, “கையில இன்னாடி வெண்ணெயா வச்சிகினு இருக்கே?” என்று ஏசுவாள். இப்போது அந்த வெண்ணெய்க் கை தன்னிடமிருந்துதான் பெண்ணுக்குப் போனது என்றாகிவிட்டது.

படகைத் திருப்ப அவளுக்கு மனமில்லை. இந்தக் கரையில் தனியாக நிற்கும் சவுக்கு மரம், அந்தக் கரையில் நீலத் தண்ணீர்த் தொட்டி, ரெண்டுக்கும் நேர்க்கோட்டில் நடுவில் என்று இடத்தை மனசில் குறித்துக்கொண்டாள். கரையில் இருந்து விசில் ஊதினார்கள். இறங்கியதும் விசில் ஊதியவரிடமே போனாள். “ஐயா, யாருனா முழுகி எடுப்பாங்களா?” என்று கேட்டாள். அவர் ஏரியை ஒரு தடவையும் அவளை ஒரு தடவையும் பார்த்தார். “அடியில அத்தினியும் சேறும்மா. போன் வுழுந்தே கெடைக்கல, கத்தியா கெடைக்கப் போவுது?” என்று சொல்லிவிட்டு அடுத்த ஆட்களுக்கு மிதவைச் சட்டையை எடுக்கப் போனார். அவர் மேலும் கோபம் வந்தது. போன் போனால் இன்னொன்று கடையில் கிடைக்கும் ஐயா. பல் தடம் எந்தக் கடையில் கிடைக்கும்?

தங்கவேல் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “வுடு மஞ்சு. ஒரு கத்திக்கா இம்மாம் ரோதன? போளூர்ல எறங்குனா பத்து வாங்கலாம்” என்றான். வாங்கலாம், வாங்கலாம். இவன் வெற்றிலைப் பெட்டியைத் தூக்கி ஏரியில் போட்டுவிட்டு இதையே சொல்லிப் பார்க்க வேண்டும்.

சாப்பிட உட்கார்ந்தபோதுதான் அவளுக்கு ரத்தம் கொதித்தது. புளிச்சோற்றை இலையில் வைத்துவிட்டு நிமிர்ந்தால், குப்பம்மாள் தங்கவேலிடம் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தாள். “நான் கைய நீட்டினேங்க, சரி, அதுக்குள்ள இது கத்தியாச்சேன்னு ஞாபகம் வந்துச்சு, கீழ வைங்கன்னு சொல்லச் சொல்ல வுட்டுட்டாங்க.” அது முதல் தடவை. பெங்களூரில் இருக்கும் அவள் தங்கச்சி போன் செய்தாள். “நான் கைய இப்பத்தான் தூக்கறேன், அதுக்குள்ள தண்ணியில போட்டுட்டாங்கடி.” அது ரெண்டாவது. அப்பளம் கேட்ட பக்கத்து மரத்தடிக் குடும்பத்திடம் மூன்றாவது தடவை சொன்னபோது, அவள் கை மடியிலேயே இருந்தது. ‘நான் பாட்டுக்கு மலைய வேடிக்க பாத்துகினு இருந்தேன்’ என்றாள். இன்னும் ரெண்டு பேர் கேட்டிருந்தால் குப்பம்மாள் அந்தப் படகிலேயே இருந்திருக்கமாட்டாள், திருப்பத்தூரில் இட்லிக்கு அரைத்துக்கொண்டிருந்திருப்பாள். வேடிக்கை என்னவென்றால், சொல்லும்போது அவள் முகத்தில் பொய் சொல்கிற களையே இல்லை. ஒவ்வொரு தடவையும் அதுதான் நடந்தது என்று அவளே நம்பிக்கொண்டு வந்தாள். அதுதான் மஞ்சுளாவுக்கு இன்னும் பொறுக்கவில்லை. திருடனைத் திட்டலாம், தன்னிடம் இருப்பது திருட்டுச் சாமான் என்றே தெரியாதவளை என்னவென்று திட்டுவது?

கத்தி திரும்ப வராது. அது தெரிந்துவிட்டது. அவளுக்கு வேண்டியது ஒரே ஒரு வார்த்தை. ‘ஆமா சம்பந்தி, நான்தான் கைய இஸ்துகினேன், ஏதோ ஞாபகத்துல.’ போதும். அதற்குப் பிறகு அவளே, ‘போனாப் போவுது, ஒரு கத்திதான’ என்று சொல்லியிருப்பாள். ஆனால் அந்த வார்த்தையைக் குப்பம்மாள் வாயிலிருந்து வரவழைக்க ஒரு சாட்சி வேண்டும். சாட்சியோ இலையில் புளிச்சோற்றில் விரலால் கோடு போட்டுக்கொண்டிருந்தாள்.

பாத்திரம் கழுவக் குழாயடிக்குப் போனபோது மஞ்சுளா பெண்ணைத் தனியாகப் பிடித்தாள். “நீ பாத்தியா இல்லியா? என் மூஞ்சியப் பாத்துச் சொல்லு.”

“பாத்தேன்.”

“இன்னா பாத்தே?”

“அத்த வாங்கிச்சு. அப்பறம் இஸ்துகிச்சு.”

“அப்ப அத அங்கியே சொல்றதுக்கு இன்னாடி கேடு? பெத்தவள நாலு பேரு முன்னால பொய்க்காரியாக்கி வுட்டுட்டு குத்துக்கல்லாட்டம் ஒக்காந்திருக்கியே!”

ஆனந்தி டிபன் பாக்ஸைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். “நீ சாயந்தரம் பஸ் ஏறிப் போய்டுவே. நான் அந்த வூட்டுக்குத்தான போவணும்?”

பெண் நிறுத்தவில்லை. குரலை உயர்த்தவும் இல்லை. “எண்ண பாட்டில் எப்பிடி ஒடஞ்சிதுன்னு ஒரு தடவனா கேட்டியாம்மா நீ? அத்த கேக்கும். நான் நீட்டுவேன். அதுவும் நீட்டும். நான் வுடற நேரத்துக்கு எண்ணயாச்சே, கையில வாங்கக் கூடாதேன்னு அதுக்கு ஞாபகம் வரும். இஸ்துக்கும். ஜாடிலயும் அப்பிடித்தான், அதுல மொளகா ஊறுகா. அதுக்கப்பறம் ‘நான் வாங்கவே இல்லியே’ன்னு சொல்லும். அது வேணும்னு பண்ணல, பழக்கம். ஆனா ஒடச்சது நானு.”

“இத ஏண்டி எங்கிட்ட சொல்லல?”

“சொன்னேன். பெரியவங்க மேல பழி போடாதன்னு நீதான் போன வச்சே.”

குழாயில் தண்ணீர் பாத்திரத்தை நிரப்பி வழிந்து மஞ்சுளாவின் கால் மேல் ஓடியது. சொன்னாள்தான். ஊறுகாய் ஜாடி உடைந்த அன்றைக்கு. மஞ்சுளா அப்போது களத்தில் நின்றுகொண்டிருந்தாள், நெல் அளந்துகொண்டிருந்தார்கள். ‘ஆயிரம் இருந்தாலும் பெரியவங்க, கம்முனு இரு’ என்று சொல்லிவிட்டு அளவைப் பார்க்கத் திரும்பினாள். ஒரு கத்தி போனதற்கு ஒரு பகல் முழுக்க வயிறு எரிகிறது. இந்தப் பெண்ணுக்கு ஒரு வருஷம். அதுவும் நியாயம் கேட்ட இடத்தில் பெற்ற தாயே கையை இழுத்துக்கொண்டாள். மஞ்சுளாவுக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. குப்பம்மாள் மேல், அந்தப் பாழாய்ப்போன சாஸ்திரத்தின் மேல், எல்லாவற்றையும்விட அதிகமாகத் தன் மேல். குழாயை மூடுகிற மூடலில் திருகு கழன்று கையோடு வந்துவிடும்போல் இருந்தது.

“நீ ஒண்ணும் சொல்ல வேணாம்” என்றாள் கடைசியில். “கத்தி போனாப் போவுது. நான் கேக்கல. நீ நல்லா இருந்தா போதும்.”

ஆனந்தி நிமிர்ந்து பார்த்தாள். மண்டியில் ஒரு படி நெல்லை விட்டுக்கொடுக்காத அம்மா இப்படிச் சொல்லி அவள் கேட்டதில்லை. பாத்திரங்களை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தாள்.

பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் மாதம்மாள் என்ற மலைக்காரப் பெண் பலாப்பழக் கடை போட்டிருந்தாள். பலகை மேல் சுளை, பக்கத்தில் சாமை, தேன் பாட்டில், சீப்பு, ஊசி, பிளாஸ்டிக் பிடி போட்ட கத்திகள். பஸ் வந்து நின்றுவிட்டது. தங்கவேல் பைகளோடு ஏறி ஜன்னலோரத்தில் துண்டைப் போட்டு இடம் பிடித்துக்கொண்டிருந்தான். குப்பம்மாள் கடையில் நின்று ஒரு சிவப்புப் பிடிக் கத்தியைப் பொறுக்கி எடுத்தாள். விரலால் கூர் பார்த்தாள், இன்னொன்றை எடுத்துப் பார்த்து மறுபடியும் முதல் கத்திக்கே வந்தாள். தனக்கு வாங்குவதைவிட அக்கறையாகத்தான் வாங்கினாள். அதைப் பலகை மேல், பலாச்சுளைகளுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

“எடுத்துக்கோங்க சம்பந்தி. நீங்க தொலச்சிட்டு மனசு கஷ்டப்படறீங்களேன்னு எனுக்கும் தாங்கல. மனசுல ஒண்ணும் வச்சிக்காதீங்க.”

எவ்வளவு நல்ல மனசு பாருங்கள்! தொலைத்தது நீ, வாங்கிக் கொடுத்தது நான் என்கிறாள். இந்தக் கத்தியை எடுத்துவிட்டால் கதை முடிந்தது, முத்திரை குத்தியாகிவிட்டது. இனிமேல் எந்தக் கல்யாணத்தில், எந்தக் காதுகுத்தில் பேச்சு வந்தாலும் இப்படித்தான் வரும். எடுக்காவிட்டாலோ, ஆசையாக வாங்கிக் கொடுத்ததை வீம்புக்கு விட்டுப்போனவள் என்று வரும். அது ஆனந்தியின் தலையில்தான் விடியும். மஞ்சுளா பெண்ணைப் பார்த்தாள். கையைப் பலகையை நோக்கிக் கொண்டுபோனாள்.

அதற்குள் இன்னொரு கை வந்து கத்தியை எடுத்துவிட்டது.

ஆனந்தி. அலகைத் தன் விரல்களுக்குள் பிடித்துக்கொண்டு, சிவப்புப் பிடியை மாமியார் பக்கம் நீட்டினாள். “அத்த, நீங்க வாங்குனது. உங்க கையாலயே குடுங்க எங்கம்மாவுக்கு.”

“ஐய, கீழ வைம்மா” என்றாள் குப்பம்மாள். யோசித்துச் சொன்னதில்லை, மூச்சு மாதிரி தானாக வந்தது. அவள் கை இடுப்புக்கு மேலே எழுந்திருந்தது.

ஆனந்தி வைக்கவில்லை.

“ஆனந்தி, இன்னா இது, ரோட்ல நின்னுகினு” என்று ரஞ்சித்குமார் ஆரம்பித்தான். கையில் இருந்த போனைச் சட்டைப் பையில் வைத்தான், மறுபடியும் எடுத்தான். மாதம்மாள் சுளை எடுப்பதை நிறுத்திவிட்டு, “இன்னாங்க, கத்தி வேணுமா வேணாமா?” என்று கேட்டாள். பஸ் ஒரு தடவை ஹாரன் அடித்தது. ஜன்னலில் இருந்து தங்கவேல், “மஞ்சு, ஏறு, எடுத்துடப் போறான்” என்று கத்தினான்.

மஞ்சுளா நகரவில்லை. ‘கீழ வைடி’ என்று சொல்ல வேண்டும், அதுதான் புத்தி. அவள் வாயைத் திறக்கவில்லை.

“புடிங்க அத்த” என்றாள் ஆனந்தி. “நீங்க நல்லாப் புடிக்கற வரிக்கும் நான் வுடமாட்டேன்.”

குப்பம்மாளின் கை பாதித் தூரம் வந்து அங்கேயே நின்றது. விரல் நுனிக்கும் சிவப்புப் பிடிக்கும் நடுவில் ஒரு சாண் இருக்கும். கீழே தண்ணீர் இல்லை, பலாச்சுளைகள் மேல் ஈ மொய்க்கிற பலகைதான் இருந்தது. பஸ் டிரைவர் மறுபடியும் ஹாரனை அழுத்தினார், இந்தத் தடவை கையை எடுக்காமல். ஆனந்தி கத்தியை விடவில்லை.